தறியில் அடுத்து அமர்பவர் யார்?

சங்கத்தின் ஐந்தொகையைப் படிக்கும் அங்கத்தினர் ஒருவர், பங்கு மூலதனம் எவ்வளவு, கையிருப்பில் உள்ள நூல் எவ்வளவு, விற்பனையாகாத சரக்கு எவ்வளவு என்பவற்றை எல்லாம் அறிந்துகொள்ளலாம். ஆனால் தறிகளில் அமர்ந்திருப்போரின் வயது என்ன, அவர்களுக்குப் பின் அமரவிருப்போர் எத்தனை பேர் என்னும் விவரம் அதில் இராது. இவ்விரண்டையும் அறியாத சங்கம் தன் ஆயுளை அறியாத சங்கமாகும். இந்த மாதப் பாடத்தில் இப்பொருளையே ஆராய்வோம்.

1. கணக்கெடுப்பு கூறுவது

அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, 1995-96ஆம் ஆண்டில் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக நம் நாட்டில் 65.5 லட்சம் பேர் இருந்தனர். 2009-10இல் இத்தொகை 43.3 லட்சமாகவும், 2019-20இல் 35.2 லட்சமாகவும் குறைந்தது. கடைசிக் கணக்கெடுப்பு மேலும் ஓர் உண்மையைக் காட்டிற்று. நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் குறைவாகவே ஈட்டி வந்தன.

இக்காலத்து இளைஞருக்குத் தொழிலில் சிரத்தை இல்லை என்று குறைகூறுவது எளிது. ஆனால் மேற்கண்ட எண்களை ஒருமுறை நோக்கினால் அவ்வாறு கூற நா எழாது. காஞ்சிபுரத்துக்கு அணித்தே ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அங்கே மாதம் முடிந்தால் சம்பளம் உண்டு. தறியிலோ, ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு கைக்கு வரும்வரை காத்திருக்கும் நாட்களுக்குக் கூலி இல்லை. இளைஞர் கணக்குப் பார்த்தே விலகிச் செல்கின்றனர். அவர்களை அழைக்க விரும்பும் நாமும் கணக்கோடு செல்வதே முறை.

2. பழைய பள்ளி ஏன் மூடிற்று?

முற்காலத்தில் நெசவுக்கு வீடே பள்ளி. பிள்ளை முதலில் தார் சுற்றும்; பிறகு அறுந்த இழையைக் கட்டும்; பிறகு தந்தையின் அருகில் அமர்ந்து நாடா வீசும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் இழையிலும் கோக்கப்படுவதால் நெய்பவர் ஒருவர் போதாது. பக்கத்தில் துணை ஒருவர் வேண்டும். அந்தத் துணையிடத்தில் நெடுங்காலம் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர்.

அவ்வழக்கத்தின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் பிணைக்கப்பட்டுப் பள்ளியை இழந்த பிள்ளைகள் பலர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமும் அந்நிலையை மாற்ற வந்தவை. அந்தக் கதவு அடைபட்டது நன்றேயாம். ஆயினும் அதற்கு ஈடாக, படிப்பை முடித்த பதினெட்டு வயதினர் நுழைவதற்கென்று வேறொரு கதவை நாம் திறந்து வைக்கவில்லை. இன்றைய குறை இதுவே.

3. கற்பிக்கும் செலவு யாருடையது?

வீட்டுப் பள்ளியில் கற்பிக்கும் செலவைக் குடும்பமே சுமந்தது. ஆதலால் அது எவர் கண்ணிலும் படவில்லை. இப்பொழுது அதனை வெளிப்படையாக எழுதிப் பார்ப்போம். கீழ்வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நாம் இட்டவை. ஒவ்வொரு சங்கமும் தன் எண்களை இட்டுப் பார்க்க வேண்டும்.

மாதம் நான்கு சேலை நெய்யும் ஆசான், மாணவரை அருகில் வைத்துக்கொண்டால் மூன்றுதான் நெய்வார். ஒரு சேலையின் கூலி 5,000 ரூபாய் என்றால் அவருக்கு மாதம் 5,000 ரூபாய் இழப்பு. மாணவருக்கு உபகாரச் சம்பளம் 6,000 ரூபாய். பழகும் கையால் வீணாகும் நூலுக்கு 1,000 ரூபாய். ஆக மாதம் 12,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 72,000 ரூபாய்.

இத்தொகையை ஆசான் சுமக்க இயலாது. மாணவரும் சுமக்க இயலாது. சங்கம் சுமக்கலாம். பயிற்சி பெற்றவர் பின்னர் மாதம் மூன்று சேலை நெய்து, சேலைக்கு 500 ரூபாய் சங்கத்துக்கு மிஞ்சினால், மாதம் 1,500 ரூபாய் ஆயிற்று. 72,000 ரூபாய் திரும்பி வர 48 மாதங்கள் ஆகும்.

இக்கணக்கு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. பயின்றவர் நான்காண்டு தறியில் நிலைத்தால்தான் போட்ட முதல் மீளும். ஆகவே பயிற்சி அளிப்பது பாதி வேலையே. பாவு தடையின்றிக் கிடைத்தல், கூலி குறித்த நாளில் கைக்கு வருதல், ஓராண்டுக்குரிய வேலை முன்கூட்டியே உறுதிப்படுதல் ஆகிய மூன்றும் மற்றப் பாதி. இவற்றைச் செய்ய முடியாத சங்கம் பயிற்சி வகுப்பைத் தொடங்குவது, தண்ணீருக்கு வழி செய்யாமல் நாற்று விடுவதை ஒக்கும்.

4. பட்டு வளர்ப்போர் கற்ற பாடம்

நம் அங்கத்தினருள் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போர் இதனை எளிதில் உணர்வர். முட்டையிலிருந்து வெளிவந்த புழுக்கள் இரண்டாம் தோலுரிப்பு முடியும்வரை மிக மென்மையானவை. கொழுந்திலையும், தகுந்த வெப்பமும், ஈரப்பதமும், நோய் அணுகாத தூய்மையும் அவற்றுக்கு வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இவற்றை அமைத்தல் கடினம். ஆதலால் இளம்புழு வளர்ப்பு மையங்களில் தேர்ந்த கைகளால் வளர்க்கப்பட்ட புழுக்களையே விவசாயிகள் வாங்கி மேலே வளர்க்கின்றனர். தொடக்க நாட்களின் பொறுப்பு பொதுவில் ஏற்கப்படுவதால் கூடு நன்றாக அமைகிறது.

இளம் நெசவாளரின் முதல் மாதங்களும் அத்தகையனவே. அவற்றைத் தனித்தனி வீடுகளின் மேல் சுமத்தாமல், நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு பொதுக் கொட்டகையில் சங்கமே நடத்துதல் தகும். நெசவாளருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்களாதலால், கழிப்பிட வசதியும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும், வீட்டு வேலைக்கு இசைந்த நேரமும் அங்கு இருத்தல் வேண்டும். இன்ன குலத்தார்தாம் நெய்ய வேண்டும் என்ற பழைய எல்லைக்கும் அங்கே இடம் இராது. வயல் வேலை குறைந்த மாதங்களில் விவசாயக் குடும்பத்து இளைஞரும் வந்து கற்கலாம்.

5. படிமுறை

பயிற்சியின் வரிசை பழைய வீட்டுப் பள்ளியின் வரிசையே. தார் சுற்றல், இழை கட்டல், பாவு பிணைத்தல் ஆகியவை முதற்படி. குழித்தறியில் பருத்திச் சாதா நெசவு இரண்டாம் படி; மிதியும் நாடாவும் பலகையும் ஒரே தாளத்தில் இயங்குமாறு கையும் காலும் இங்கேதான் பழக வேண்டும். ஜக்கார்டு கரை மூன்றாம் படி. கோர்வையும், முந்தானைப் பாவை உடற்பாவுடன் இணைத்தலும் கடைசிப் படி. முதற்படியைத் தாண்டியவுடன் மாணவரைப் பட்டில் அமர்த்துவது தவறு. விலையுயர்ந்த நூல் கெடும், மாணவரின் மனமும் ஒடியும். இரண்டாம் படியில் நெய்த துணியைத் துண்டாகவும் துவாலையாகவும் சங்கம் விற்றுக் கொடுத்து, தன் கைத்துணி காசாவதை மாணவர் காணச் செய்ய வேண்டும்.

வெளியுதவியையும் நாடலாம். சேலத்தில் 1960 முதல் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் உள்ளது. 2017இல் ஒப்புதல் பெற்ற சமர்த் திட்டத்தில் கைத்தறிப் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. ஆயினும் இவை வழிகாட்டலாமேயன்றி, பயின்றவருக்கு நாள்தோறும் பாவு கொடுக்க வேண்டியது சங்கமே.

6. முடிவுரை

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிச் சங்கம் அமைத்தனர். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். வெண்ணெயும் மாவும் விற்ற அச்சிறு கடை, பின்னர்த் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கிற்று. லாபத்தைப் பங்கிடுமுன் கல்விக்கு எடுத்துவைத்த அம்முறை கூட்டுறவின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாயிற்று. விளைச்சல் எவ்வளவு குறைந்தாலும் விதைநெல்லைத் தனியே கட்டிவைக்கும் விவசாயிக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

(1) நம் சங்கத்தில் நாற்பது வயதுக்குட்பட்ட நெசவாளர் எத்தனை பேர்?

(2) சென்ற ஆண்டில் பாவுக்காகக் காத்திருந்து ஒவ்வொரு தறியும் எத்தனை நாள் சும்மா இருந்தது?

(3) கற்பிக்க இசையும் ஆசான்மார் யாவர்? அவர்களுடைய கூலி இழப்பை எந்த நிதியிலிருந்து ஈடுசெய்வது?

(4) வரும் ஆண்டில் இரண்டு மாணவரையேனும் ஏற்க நம்மால் இயலுமா? இயலாதெனில் தடை யாது?

இவற்றுக்குரிய விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்போமாக. அடுத்த ஆண்டு ஐந்தொகையோடு அவற்றையும் சேர்த்துப் படிப்போமாக.