ரோட்டவேட்டர் இணைப்புத் தண்டைக் கழற்றிப் பூட்டும் முறை

சேற்றுழவு நடக்கும் வேளையில் ரோட்டவேட்டரின் இணைப்புத் தண்டு பழுதுபட்டால் வேலை நின்றுவிடும். குறுகிய கால நெல்லின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் நட்டாக வேண்டும்; மெக்கானிக் வரும்வரை நாற்று காத்திராது. டிராக்டரின் பி.டி.ஓ. விசையை ரோட்டவேட்டருக்குக் கொண்டு செல்லும் இத்தண்டை உழவர்கள் தாங்களே கழற்றிப் பூட்டலாம். முறை தவறினால் மட்டும் புதிய கிராசும் விரைவில் கெட்டுவிடும்.

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்குங்கள். பி.டி.ஓ.வை விடுவித்து, என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இத்தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9 சுற்று சுழல்வது. வேட்டி நுனியோ தோள் துண்டோ சிக்கினால் விலக நேரமிராது. ‘என்ஜின் ஓடட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்பவரை அருகில் விடாதீர்கள்.

தண்டின் இரு பாதிகளும் ஒன்றினுள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்குபவை. பிரிக்குமுன் இரண்டின் மீதும் ஒரே நேர்க்கோட்டில் பெயிண்டால் அடையாளமிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கிராஸ் சாய்வாகச் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் மறுபக்கத்தின் வேகம் இருமுறை கூடி இருமுறை குறைகிறது. குழாய்களோடு சேர்ந்த இரு யோக்குகளும் ஒரே நேரில் அமைந்தால், முன் கிராஸ் செய்யும் ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சரிசெய்துவிடும். சதுரக் குழாயை 90 பாகை திருப்பி மாட்டினாலோ அது இன்னும் கூடும். அதிர்வு எழும், கிராஸ் தேயும், கியர் பெட்டியின் பேரிங்கும் அடிபடும். பழைய பிக்கப் வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்துச் சேர்க்கும்போதும் இதே கவனம் தேவை.

பூட்டுப் பின்னை அழுத்தியபடி யோக்கை இழுத்தால் வெளிவரும். துருவால் பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள்; சம்மட்டியால் அடிக்க வேண்டாம். ஒரு முனையைக் கழற்றியபின் மறுமுனையில் தண்டைத் தொங்கவிடுவதும் கூடாது.

மாட்டும்போது பற்களைத் துடைத்து கிரீஸ் தடவி, அடையாளங்களை நேர்படுத்தி நுழையுங்கள். பின் ‘டிக்’கென்று விழுந்ததும் யோக்கைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். வெறும் ஓசையை நம்ப வேண்டாம். பிறகு ரோட்டவேட்டரை மெதுவாக மேலும் கீழும் அசைத்து நீளத்தைக் கவனியுங்கள். மிகச் சுருங்கிய நிலையிலும் குழாய்கள் முட்டக்கூடாது. மிக நீண்ட நிலையிலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று இருக்க வேண்டும். கடைசியாகப் பாதுகாப்பு உறையைப் போட்டு, அது சுழலாதபடி சங்கிலியை மாட்டிய பிறகே என்ஜினைக் கிளப்புங்கள்.