தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குத் துணைக்கரம்

(பத்தாம் வகுப்பு மாணவி, கோம்பை)

முன்னுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. திரையில் தெரியும் சுரைக்காயும் அப்படித்தான் என்பதை இவ்வாண்டு நான் நேரில் அறிந்துகொண்டேன்.

என் அத்தை மலையடிவாரத்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் பணியைச் செய்து வருகிறார். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். நம் பள்ளி விழாவுக்கு மறுநாள் நமக்கு மட்டும் விடுமுறையாக இருந்ததல்லவா? அன்று நான் அத்தையுடன் அவர் பள்ளிக்குச் சென்றேன்.

மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அத்தை தம் கைக்கணினியில் மழை உண்டாகும் விதம் பற்றிய காணொலியைப் போட்டுக் காட்டினார். குழந்தைகள் ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள். முடிந்ததும் அத்தை, "மழை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த சிறுவன் எழுந்து, "டேப்பிலிருந்து டீச்சர்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

மாலையில் வீடு திரும்பும்போது, "படம் ஓடிய பத்து நிமிடமும் நான் சும்மா நின்றேன், தாயி. சொல்லித்தர வேண்டியவள் நானல்லவா?" என்றார். அந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கருவிகள் வந்த வரலாறு

வகுப்பறையில் கருவிகளைப் பயன்படுத்தும் முயற்சி நேற்று இன்று தோன்றியதன்று. 1975 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து 1976 ஜூலை 31 வரை, நம் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் உதவியால் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. பகலில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கும், மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த ஓராண்டில் ஆசிரியர்களுக்கெனத் தனிப் பயிற்சியும் நடந்தது. 1975 அக்டோபரில் சுமார் 24,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பன்னிரண்டு நாள் அறிவியல் கற்பித்தலில் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்ததோடு நின்றுவிடவில்லை. வானொலியைக் கேட்டார்கள், கையேட்டைப் பார்த்துத் தம் கையாலேயே செயல்களைச் செய்தார்கள், ஐயங்களைக் கூடிப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். குழந்தைக்குக் காட்டுவது மட்டும் போதாது, ஆசிரியரையும் ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

நம் மாநிலத்திற்கு வருவோம். 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்திற்குரிய காணொலி திறக்கும். 2019 ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் சிறு குழந்தைகள் பலர் எழுத்துகளையே மறந்துபோனார்கள். அக்குறையை நீக்க 2022 ஜூன் 13-ஆம் நாள் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். குழந்தைகள் அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று பிரிவுகளாகக் கற்கிறார்கள். அவர்கள் கற்றதை ஆசிரியர் செயலி வழியாக மதிப்பிடுகிறார். பின்னர் 2024-இல், 79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் திட்டமும் வந்தது.

ஆகவே கருவி வந்துவிட்டது. அதைப் பாடத்தோடு இணைக்க ஆசிரியருக்கு யார் துணை நிற்பது என்பதே இனி நம் முன் உள்ள கேள்வி.

இரு நாடுகள் கற்பிக்கும் பாடம்

தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாடு 2008 முதல் தன் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கியது. சிற்றூர்களைச் சேர்ந்த 319 பள்ளிகளில் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. கணினிகளின் எண்ணிக்கை மிகவும் பெருகியிருந்தது. ஆனால் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறியதாகச் சான்று கிடைக்கவில்லை.

ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா வேறு வழியில் சென்றது. அங்கே 2015-இல் 'துசோமே' என்னும் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது. 'நாம் படிப்போம்' என்பது அச்சொல்லின் பொருள். குழந்தைகளுக்குப் புத்தகங்களும், ஆசிரியர்களுக்கு அன்றாடப் பாடக் குறிப்புகளும் கொடுத்தார்கள். கைக்கணினியையோ, பள்ளிதோறும் சென்று ஆசிரியருக்கு வழிகாட்டும் அலுவலர்களின் கையில் கொடுத்தார்கள். அவர்கள் வகுப்பில் அமர்ந்து பாடத்தைக் கவனிப்பார்கள். சில குழந்தைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கைக்கணினியில் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஆசிரியரோடு அமர்ந்து பேசுவார்கள். அங்கே குழந்தைகளின் வாசிப்பு நன்கு உயர்ந்தது.

ஒரு நாட்டில் கருவி மட்டும் போய்ச் சேர்ந்தது. மற்றொரு நாட்டில் கருவியோடு மனிதரும் போனார். வேறுபாடு நமக்கு விளங்குகிறதல்லவா?

நான் செய்த பிழை

இனி என் அனுபவத்தைக் கூறுகிறேன். அத்தைக்கு உதவ வேண்டும் என்ற ஆவலில் மாலைதோறும் அவர் வீட்டிற்குச் சென்றேன். அவர் கைக்கணினியைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தார். "குழந்தைகள் முன்னால் எதையாவது தவறாக அழுத்திவிட்டால் மானம் போய்விடுமே" என்பது அவர் அச்சம்.

முதல் நாள் அவர் தடுமாறியபோது, "இங்கே கொடுங்கள் அத்தை" என்று வாங்கி, நான்கைந்து இடங்களில் தொட்டு, நொடியில் முடித்துக் கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது. மறுநாள் சென்றால், அத்தை பழையபடி தொடங்கிய இடத்திலேயே நின்றார். "நீ செய்துவிட்டாய் தாயி. நான் எப்போது செய்வது?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று முதல் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அத்தை தொடுவார்; தவறு வந்தால் அவரே திரும்பிச் செல்வார்; கேட்டால் மட்டும் நான் வழி சொல்வேன். ஒரு மாலையில் முடிய வேண்டியது ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் அந்த வாரத்திற்குப் பிறகு அவர் என்னை எதிர்பார்க்கவில்லை. கற்றுக்கொடுப்பவர் தம் திறமையைக் காட்டுவது பயிற்சியாகாது. கற்பவர் கை பழகுவதே பயிற்சி என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு குழந்தையின் குரல்

அத்தையின் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். மலைக்கு அப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறிச் செல்லும் தாய்மாரை நாம் எல்லாரும் அறிவோம். அவள் தாயும் அவர்களில் ஒருவர். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் தாயோடு மலையேறிவிடும். இரவு வந்தால் அவருக்குச் சமைக்கவே நேரம் சரியாக இருக்கும். எனவே, பள்ளியில் கிடைக்காத கல்வி அச்சிறுமிக்கு வேறு எங்கும் கிடைக்காது.

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் அவள் அரும்பு நிலையிலேயே இருந்தாள். எல்லாரும் சேர்ந்து உரக்கப் படிக்கும்போது அவள் குரலும் தெளிவாக ஒலிக்கும். தனியே படிக்கச் சொன்னால் மனப்பாடமாக ஒப்பிப்பாள். முப்பது குழந்தைகளையும் நாள்தோறும் தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேட்க அத்தைக்கு நேரம் ஏது? ஒரே அறையில் அடுத்த வகுப்பும் காத்திருக்கிறதே!

அத்தைக்கு ஒரு யோசனை தோன்றியது. கைக்கணினியில் குரலைப் பதிவு செய்யும் வசதி உண்டு. புதிய சொற்களை அட்டையில் எழுதி வைத்து, நாளுக்கு ஐந்து குழந்தைகளை ஒருவர்பின் ஒருவராக வராந்தாவில் அமர்ந்து படித்துப் பதிவு செய்யச் சொன்னார். மாலையில் வீட்டில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அச்சிறுமிக்கு எந்த இடம் தடுக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் அவளுக்கு வேறுபாடு தெரியவில்லை. கெ, கே இரண்டும் ஒன்று; கொ, கோ இரண்டும் ஒன்று.

மறுநாள் அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டினார். அவள் தன் முன்னிருந்த அட்டையையும் கொக்கின் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் கோக்கு என்று படித்திருக்கிறேன்!" என்றாளாம். பிறர் சொல்லித் திருத்தாமல் தன் செவியாலேயே தன் பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அவள் மொட்டு நிலைக்கு வந்திருக்கிறாள். மலராக இன்னும் நாளாகும். ஆயினும் படிக்கக் கூப்பிட்டால் ஒளிந்துகொள்வதில்லை என்று அத்தை மகிழ்ச்சியோடு சொன்னார்.

தோழியரே, இதில் வியத்தகு தொழில்நுட்பம் எதுவும் இல்லை. மழைக் காணொலி ஓடியபோது ஆசிரியையின் இடத்தைக் கருவி எடுத்துக்கொண்டது. குரல் பதிவிலோ, அக்கருவி ஆசிரியைக்கு இன்னொரு செவியாயிற்று. இதுவே கருவியைப் பாடத்தோடு இணைத்தல்.

பின்னர் அந்த மழைக் காணொலியையும் அத்தை மீண்டும் காட்டினார். இம்முறை இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டார். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் தட்டை மூடி, தட்டின் அடியில் நீர்த்துளி கோத்து நிற்பதைத் தாமே காட்டினார். பிறகு குழந்தைகளை வெளியே அழைத்து, நம் மேற்கு மலை முகட்டில் மேகம் தங்கி நிற்பதைப் பார்க்கச் செய்தார். டேப்பிலிருந்து மழை வருகிறது என்று யாரும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை

1. பயிற்சி ஒரு நாள் சொற்பொழிவாக முடிந்துவிடலாகாது. பயிற்றுநர் வகுப்பறைக்கே வந்து ஒரு பாடத்தை ஆசிரியரோடு சேர்ந்து நடத்த வேண்டும். சில வாரங்களுக்குப் பின் மீண்டும் வந்து பார்க்க வேண்டும். நம் தேனி மாவட்டத்து ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அருகிலேயே, உத்தமபாளையத்தில் இருப்பது நமக்கு வாய்ப்பாகும்.

2. அண்டையிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, நன்றாக அமைந்த ஒரு பாடத்தையும் தோல்வியுற்ற ஒரு பாடத்தையும் மறைக்காமல் பகிர்ந்துகொள்ளலாம்.

3. காணொலிகளை முதல்நாளே தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றாலும் பாடம் நிற்காதபடி அட்டையும் கரும்பலகையும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

4. செயலிகளில் விவரங்களைப் பதிவேற்றும் வேலை ஆசிரியரின் கற்பிக்கும் நேரத்தை விழுங்கிவிடக் கூடாது. கருவி ஆசிரியருக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தரவேண்டுமே தவிர, பறித்துக்கொள்ளலாகாது.

5. குழந்தைகளின் குரலும் படமும் வகுப்பறைக்கு வெளியே எவருக்கும் அனுப்பப்படலாகாது. அத்தை வாரந்தோறும் பதிவுகளை அழித்துவிடுகிறார்.

முடிவுரை

நம்மில் பலர்க்குக் கைப்பேசி கைவந்த கலை. நமக்கு அரிச்சுவடி கற்பித்த ஆசிரியைகளோ அதன் முன் தயங்கி நிற்கிறார்கள். அவர்கள் நம் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதப் பழக்கியபோது, நாம் எத்தனை முறை கோணலாக எழுதினோம்! ஒருமுறையேனும் "இங்கே கொடு, நானே எழுதிவிடுகிறேன்" என்று அவர்கள் சொல்லியிருந்தால் இன்று நாம் எழுதியிருப்போமா? அந்தப் பொறுமையை இப்போது நாம் திருப்பிச் செலுத்தலாம்.

ஆதலால் நம் பள்ளி அருட்சகோதரியரிடம் பணிவோடு ஒரு விண்ணப்பம். பொதுத்தேர்வு முடிந்தபின் விருப்பமுள்ள மாணவியர் இருவர் இருவராக அருகிலுள்ள தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று, கேட்கும் ஆசிரியருக்கு மட்டும், கேட்கும் அளவு மட்டும் உதவ இசைவு தாருங்கள். பெற்றோர்களும் எங்களை வாழ்த்தி அனுப்புங்கள். விடியுமுன் மலையேறும் தாயின் மகள் பிழையின்றிப் படிக்கும் நாள் விரைவில் வரட்டும்!