சிடி நகல்: அச்சா, பதிவா?

மாணவர்களே, ஃபேரர் பார்க் வட்டாரக் கடைகளில் விற்கப்பட்ட தமிழ்ப் பாடல் சிடியையும் கணினியில் பதிவுசெய்த சிடியையும் திருப்பிப் பாருங்கள். முதலாவது வெள்ளி போல் மின்னும். இரண்டாவதில் பெரும்பாலும் பச்சை அல்லது நீலச் சாயல் தெரியும். காரணம், தயாரிப்பு முறை.

கடை சிடி அச்சில் வார்க்கப்படுவது. நிக்கல் அச்சுத் தகட்டின்மீது உருகிய பாலிகார்பனேட்டை அழுத்திச் செலுத்தினால், எல்லாக் குழிகளும் ஒரே நேரத்தில் பதியும். குழி வரிசைகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. அதன்மேல் அலுமினியப் படலம் பூசுவார்கள்.

பதிவு சிடியில் குழிகள் இல்லை. சாயப் படலம் உண்டு. லேசர் அதைச் சூடாக்கிப் புள்ளிகளை உண்டாக்கும். படிக்கும் கருவிக்கு அவை குழிகளைப் போலவே தெரியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? அச்சுத் தகட்டுக்கு 800 வெள்ளி, பிறகு நகலுக்கு 1 வெள்ளி; பதிவுக்கு நகலுக்கு 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அச்சில் நகலுக்கு 2 வெள்ளி மிச்சம். 800 ÷ 2 = 400. எனவே 400 நகல்களில் இரண்டு செலவும் சமம். குறைந்தால் பதிவு மலிவு. கூடினால் அச்சு மலிவு.

விலையோடு ஆயுளையும் பாருங்கள். வெயிலும் வெப்பமும் சாயத்தைக் கெடுக்கும். பாட்டியின் குரலோ அக்காவின் அரங்கேற்றமோ வீட்டிலுள்ள பதிவு சிடியில் மட்டும் இருந்தால், அது இன்னும் ஓடும்போதே வேறொன்றில் நகலெடுத்துவிடுங்கள்.