அடுப்புப் புகையும் உடம்பின் வயதும்



"அடுப்படியிலேயே கெடந்து பத்து வயசு கூடிப்போச்சு" என்று நம் பெண்கள் சொல்வதைக் குழுக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். புகை உண்மையிலேயே வயதைக் கூட்டுமா? மரபணுவை வைத்தே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இந்த மாதப் பாடம் அதுதான்.

நம் உடம்பின் செல்களுக்குள் டி.என்.ஏ. என்று மெல்லிய நூல் மாதிரி ஒன்று இருக்கிறது. அம்மா அப்பாவிடமிருந்து வந்த மரபணுக்கள் அதில்தான் உள்ளன. அந்த நூலின்மேல் சின்னச் சின்ன ரசாயன முத்திரைகள் ஒட்டியிருக்கும். வயது ஏற ஏற சில இடங்களில் முத்திரை கூடும், சில இடங்களில் குறையும். ஸ்டீவ் ஹார்வத் என்ற விஞ்ஞானி 2013-ல் இப்படி 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். பிறகு வேறு கணக்குகளும் வந்தன. ரேஷன் கார்டில் 40 வயது இருக்கும். ரத்தத்தில் உள்ள முத்திரை 44 என்று காட்டலாம்.

சீனாவில் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஓர் ஊர்ப்பகுதி. அங்கே பெண்கள் பீடி, சிகரெட் தொடுவதே அபூர்வம். ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் மிக அதிகம். காரணம், புகை கக்கும் நிலக்கரியை வீட்டுக்குள்ளேயே, புகைபோக்கி இல்லாத குழியடுப்பில் எரித்ததுதான். புகைபிடிக்காத அந்தப் பெண்களின் ரத்தத்தை ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். நிலக்கரிப் புகையிலுள்ள சில நச்சுப்பொருள்கள் யாருக்கு அதிகம் பட்டதோ, அவர்களுக்கு மரபணுக் கணக்கு வயதைக் கூட்டிக் காட்டியது.

"எங்க மாமியார் எண்பது வயசு வரை இதே புகையில சமைச்சாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். புகை நஞ்சைக் கழிக்க உதவும் ஒரு மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. சுவான்வெய்யில் அது இல்லாதவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வந்தது. மாமியாருக்கு அந்த மரபணு இருந்திருக்கலாம். மருமகளுக்கும் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

நம் விறகுப் புகை அந்த நிலக்கரிப் புகை அளவுக்குக் கொடியதல்ல. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் விறகு, வறட்டி, சுள்ளி எதை எரித்தாலும் அதே இனத்தைச் சேர்ந்த நச்சுகளும் நுண்தூசியும் வருகின்றன. இருமலும் மூச்சிரைப்பும் நமக்கே தெரிந்தவை.

இனி முக்கியமான விஷயம். சுவான்வெய்யில் பல வீடுகள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறின. இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளை 1976 முதல் 1992 வரை கவனித்ததில், மாறிய வீட்டுப் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பலன் தெளிவாகத் தெரியச் சுமார் 10 வருடம் ஆனது. பெரிய மருந்து மாத்திரை எதுவும் இல்லை, ஒரு குழாய்தான்!

கேஸ் இருந்தும் சிலிண்டர் விலையைப் பார்த்து வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு வைக்கிறவர்கள் பலர். அவர்கள் அந்த அடுப்பையாவது வெளியே வைக்கலாம். காய்ந்த விறகாக இருந்தால் புகை குறையும். புகைபோக்கி கூரைக்கு மேலே நீண்டிருக்க வேண்டும், கரி அடைக்காமல் அடிக்கடி தட்டிவிட வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூத வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் எத்தனை வீட்டில் புகைபோக்கி இருக்கிறது என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். இல்லாதவர்களுக்குச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுப்பது பற்றியும் அன்றே பேசுங்கள்.