இரத்தம் ஏற்றும்பொழுது நேரும் கோளாறுகள்

பிரசவத்தில் மிகுதியாக உதிரம் இழந்த தாய்க்கும் விபத்தில் அடிபட்டவருக்கும் பிறர் ஈந்த இரத்தம் உயிர் தருகிறது என்பதை இன்று கிராமங்களில் அறியாதார் இல்லை. ஆயினும், இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் உறவினர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. அதனையே ஈண்டு ஆராய்வோம்.

ஒருவர் இரத்தம் மற்றவருக்கு ஏன் ஒவ்வாமற் போகிறது? மனித இரத்தம் ஒரே வகையினதன்று என்பதை 1901-ல் வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் எடுத்துக்காட்டினார். அதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஏ பிரிவினரின் இரத்த நீரில், பி பிரிவின் சிவப்பணுக்களை எதிர்க்கும் பொருள் இயற்கையாகவே அமைந்துள்ளது. ஆகவே பிரிவு மாறிய இரத்தம் உட்புகுந்தால், புதிய அணுக்கள் சிதைக்கப்படும், சிறுநீர் சிவக்கும், இரத்த அழுத்தம் தாழும், சிறுநீரகம் பழுதுறும், உயிருக்கே அபாயம் நேரலாம். இதற்குச் சிறிதளவு இரத்தமே போதும்.

1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் அபூர்வப் பிரிவை வெளியிட்டனர். மேலோட்டமான சோதனையில் அது ஓ போலத் தோன்றும். ஆனால் அப்பிரிவினருக்கு ஓ இரத்தமும் ஒவ்வாது. பிரிவு தெரிந்த பின்னரும் இருவர் இரத்தத்தையும் சேர்த்துப் பொருத்தம் பார்ப்பது இத்தகைய காரணங்களாலேயே. “பிரிவுதான் தெரியுமே, தாமதம் ஏன்?” என்று இரத்த வங்கி வாயிலில் சச்சரவிடுதல் முறையன்று.

ஆயினும் பிரிவு மாறுவது பெரும்பாலும் சோதனையின் குறையால் அன்று, ஆள் மாறுவதாலேயே. ஒரே வார்டில் இரண்டு இலட்சுமிகள் இருப்பது அரிதோ? நர்ஸ் மீண்டும் மீண்டும் பெயர் கேட்டால் சலிப்புறலாகாது. பேசக்கூடிய நோயாளியாயின் அவரே தம் பெயரைச் சொல்லட்டும்.

இரத்தப் பையை எடுத்துவரும் பொறுப்பு சில இடங்களில் உறவினரிடமே விடப்படுகிறது. குளிர்ந்திருக்கிறதே என்று அதை வெந்நீரில் இடுவது பெருந்தவறு. சூட்டில் அணுக்கள் அழிந்துவிடும். வழியில் தங்காமல் நேரே வார்டில் சேர்த்தல் வேண்டும்.

இரத்தம் ஏறத் தொடங்கிய முதல் 15 நிமிடங்களே மிக முக்கியமானவை. குளிர் நடுக்கம், காய்ச்சல், உடலில் தடிப்பும் அரிப்பும், மூச்சுத் திணறல், மார்பிலோ இடுப்பிலோ வலி, காரணம் தெரியாத பதற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். நம்மவர் தவறுவது இங்கேதான். “குளிர்ந்த இரத்தம் அல்லவா, நடுங்கத்தானே செய்யும்” என்று கம்பளியைப் போர்த்திவிட்டுப் பேசாதிருந்துவிடுகின்றனர். இரவு வேளையில் நர்ஸை எழுப்பத் தயங்குவோரும் உளர். நடுக்கமும் காய்ச்சலும் பெரும்பாலும் எளிதில் தணிவனவே; ஆனால் பிரிவு மாறிய இரத்தத்தின் பேராபத்தும் அதே நடுக்கத்தோடுதான் தொடங்குகிறது. இரண்டையும் வேறு பிரித்தறிதல் டாக்டரின் வேலை, நம்முடையதன்று. சொன்னவுடன் அவர்கள் இரத்தத்தை நிறுத்தி, உப்புநீர் செலுத்தி, பையிலுள்ள சீட்டை நோயாளியின் விவரத்தோடு ஒப்பிடுவர். மிஞ்சிய பை மறுசோதனைக்குப் போகவேண்டியது. அதை எறிந்துவிடக் கூடாது.

முதியோருக்கும், நெடுநாள் சோகையால் நலிந்தோருக்கும் இரத்தம் விரைந்து ஏறினால், பிரிவு பொருந்தியிருப்பினும் மூச்சு முட்டும். விரைவில் வீடு திரும்பும் ஆவலில் குழாயின் திருகைத் தளர்த்துவோர் இதனை அறியார் போலும்!

முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டதையும், பெண்களாயின் முந்தைய கர்ப்பங்களையும் டாக்டரிடம் மறைக்காது கூறவேண்டும். அவற்றால் உடலில் புதிய எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகியிருக்கலாம். அத்தகையோருக்குச் சில வேளைகளில் கோளாறு அன்றே தோன்றாமல், ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலாகவும் கண் மஞ்சளாகவும் வெளிப்படும். அப்பொழுது மஞ்சட்காமாலை என்று தாமே முடிவு செய்து நாட்டு மருந்து தேடாமல், மருத்துவமனைச் சீட்டுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, இரத்தம் ஏற்றிய தேதியை முதலிற் சொல்லுதல் வேண்டும்.