சொப்பனத்திலே விழித்திருப்பது யார்?



செம்மநத்தத்தில் காப்பி பறிப்பு நடந்துகொண்டிருந்த மாதத்தில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்த பிறகு ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, கனவுல பள்ளத்துல விழப்போறேன். அப்ப எனக்குள்ளேயே, இது கனவுதானே, எதுக்குப் பயப்படணும்னு தோணுச்சு. விழல, அப்படியே நின்னு சுத்திப் பார்த்தேன். தூங்கினது நான்தான். அப்ப, இது கனவுன்னு தெரிஞ்சுகிட்டது யாரு?" பக்கத்தில் இருந்த ஒரு அம்மா உடனே, "அது வேற ஆவி, ஜெபம் பண்ணி விரட்டணும்" என்று சொல்லிவிட்டார். தங்கச்சியின் முகம் வாடிப்போய்விட்டது. அதற்குப் பிறகு ராத்திரி படுக்கவே பயமாயிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஆகவே இந்த மாத வேதபாடத்தில் இதையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இது அபூர்வமான காரியம் அல்ல. 1913-ல் பிரெடெரிக் வான் ஈடன் என்ற டச்சுக்கார டாக்டர் இதற்கு 'லூசிட் ட்ரீம்' என்று பெயர் வைத்தார். தெளிகனவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஐம்பது வருஷத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016-ல் கணக்குப் பார்த்தபோது, நூற்றுக்கு 55 பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படிக் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் நம்முடைய கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர்! வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

சபையின் சரித்திரத்திலேயே இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. கி.பி. 415 வாக்கில், வட ஆப்பிரிக்காவிலே ஹிப்போ பட்டணத்துப் பேராயராயிருந்த அகஸ்டின், எவோடியுஸ் என்ற இன்னொரு பேராயருக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்த்தேஜில் இருந்த கென்னாடியுஸ் என்ற வைத்தியரின் கதை அதில் வருகிறது. ஏழைகளுக்கு இரங்குகிற நல்ல மனுஷன். ஆனாலும் வாலிபத்தில், செத்த பிறகு ஜீவன் உண்டா என்று அவருக்குள்ளே ஒரு சந்தேகம் இருந்தது. ஒருநாள் சொப்பனத்திலே ஒரு வாலிபன் வந்து தன் பின்னே வரச் சொன்னான். ஒரு பட்டணத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே இதுவரை கேட்டிராத இனிமையான பாட்டு கேட்டது. விழித்தார். 'கனவுதானே' என்று விட்டுவிட்டார்.

மறுநாள் ராத்திரி அதே வாலிபன் வந்தான். என்னைத் தெரிகிறதா என்று கேட்டான். தெரியும், நேற்று இன்னின்ன இடத்துக்குக் கூட்டிப்போனாயே என்று இவர் எல்லாவற்றையும் சொன்னார். அதைத் தூக்கத்தில் பார்த்தாயா, விழித்திருக்கும்போது பார்த்தாயா என்றான். தூக்கத்தில்தான் என்றார். சரியாய்ச் சொன்னாய், இப்போதும் நீ தூக்கத்தில்தான் பார்க்கிறாய் என்றான் அவன். பிறகு, உன் சரீரம் இப்போது எங்கே என்று கேட்டான். என் படுக்கையறையில் என்றார். அதன் கண்கள் மூடியிருக்கிறதே, தெரியுமா? தெரியும். அப்படியானால் என்னை எந்தக் கண்ணால் பார்க்கிறாய்?

கென்னாடியுஸுக்குப் பதில் இல்லை. வாலிபன் தானே விளக்கினான். சரீரத்தின் கண் வேலை செய்யாமல் கிடக்கிறபோதே உனக்குப் பார்வை இருக்கிறது, அதுபோல மரணத்துக்குப் பிறகும் உனக்கு ஜீவனும் உணர்வும் இருக்கும் என்றான். அவருடைய சந்தேகம் அன்றோடு போயிற்று.

இந்தக் கதையைக் கேட்டவுடனே 'அல்லேலூயா' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு நிமிஷம் பொறுங்கள், தேவபிள்ளைகளே. இப்படிச் சொல்லுகிறவர்கள் விழித்த பிறகு கற்பனையாகச் சேர்த்துச் சொல்லவில்லை என்பது எப்படித் தெரியும்? 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் தூங்குகிறவர்களின் கண் அசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். ராத்திரியில் சில நேரங்களில் மூடின இமைக்குள்ளே கண்விழி வேகவேகமாய் ஓடுகிறது. அந்த நேரம் எழுப்பினால் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொல்லுகிறார்கள். அப்போது கைகால் தசைகள் எல்லாம் கட்டிப்போட்டதுபோல் தளர்ந்திருக்கும். மூச்சுவிடும் தசையும் கண் தசையும் மட்டும் அசையும்.

அந்தக் கண்ணையே 'தந்தி'யாக வைத்துக்கொண்டார் கீத் ஹேர்ன். 1975-ல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வோர்ஸ்லி என்பவரோடு முன்கூட்டியே பேசி வைத்தார். கனவுக்குள் இது கனவு என்று தெரிந்தவுடனே கண்ணை இடமும் வலமுமாய் இத்தனை தடவை ஓட்ட வேண்டும். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தபோதே அந்த அடையாளம் காகிதத்தில் பதிவாயிற்று! பின்பு அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபேர்ஜ் இதையே தனியாகச் செய்து 1981-ல் வெளியிட்டார். கனவுக்குள்ளே பத்து எண்ணச் சொன்னால், வெளியே எண்ணுகிற அளவு நேரமே ஏறக்குறைய ஆகிறது என்றும் பார்த்தார். 2021-ல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாலு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 36 பேரை வைத்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தூங்குகிறவரிடமே கேள்வி கேட்டார்கள். எட்டிலே ஆறு போனால்? தூக்கத்திலிருந்தே கண் இரண்டு தடவை ஓடிற்று. அதிகமான தடவை பதில் வரவில்லை, அதையும் அவர்கள் மறைக்கவில்லை. வந்த இடங்களில் சரியான பதிலே தவறானதைவிட மிகவும் அதிகம்.

ஆகவே தங்கச்சி சொன்னது உண்மை. பிசாசுமல்ல, பொய்யுமல்ல. தூங்குகிற அதே ஆள்தான் அறிந்துகொள்ளவும் செய்கிறார்.

ஆனால் எவ்வளவு அறிகிறார்? இங்கேதான் எனக்கு அகஸ்டின்மேல் அதிகப் பிரியம் வருகிறது. ஆதியாகமத்துக்கு அவர் எழுதின விளக்கத்தின் பன்னிரண்டாம் புத்தகத்தில் தன் சொந்தக் கனவு ஒன்றைச் சொல்லுகிறார். தூக்கத்தில் இது கனவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிலும் காண்கிறது நிஜமான உருவங்கள் அல்ல என்று தெளிவாயிருக்கிறது. பக்கத்தில் ஒரு நண்பன் நிற்கிறான். அவனிடம், 'இதெல்லாம் நிஜமில்லையப்பா, கனவு' என்று மெனக்கெட்டு நிரூபிக்கப் பார்க்கிறார். அந்த நண்பனும் அதே கனவின் உருவம்தானே! அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன் இவ்வளவு நேர்மையாகத் தன் மனதைக் கவனித்து எழுதின மனுஷன் வேறு யார் என்று எனக்குத் தெரியாது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? காண்பது ஒன்று, காண்கிறேன் என்று அறிவது வேறொன்று. சாதாரணக் கனவில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. பசியுள்ளவன் சொப்பனத்தில் சாப்பிடுகிறான், விழித்தால் வயிறு வெறுமை (ஏசா. 29:8). சாப்பிடும்போது அவனுக்குச் சந்தேகமே வரவில்லை பாருங்கள். தெளிகனவில் அந்த இரண்டாவது விளக்கும் எரிகிறது. அது ஒரேயடியாய் எரிவதும் இல்லை. அகஸ்டினுக்கு எரிந்ததுபோல அறையின் ஒரு மூலையை விட்டுவிட்டும் எரியும். மூளையின் முன்பக்கத்தில் அந்த நேரம் ஒரு தனி மின்துடிப்பு எழும்புகிறது என்று 2009-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு வந்தவர்கள், அதிலே கண் தசையின் மின்சாரமும் கலந்திருக்கலாம் என்றார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

விழித்திருக்கும்போதாவது அந்த விளக்கு எப்போதும் எரிகிறதா? பேதுருவைப் பாருங்கள். தூதன் தட்டி எழுப்பி, சங்கிலி கழன்று, காவலைக் கடந்து தெருவில் நடக்கிறான். நிஜமாய் நடக்கிறதை அவன் தரிசனம் என்று நினைத்துக்கொண்டிருந்தான் (அப். 12:9). கனவைக் கனவென்று அறிவதற்கு நேர் எதிரானது இது! தூதன் போன பிறகுதான் அவனுக்குத் தெளிவு வந்தது. பவுலோ மூன்றாம் வானமட்டும் போனதைச் சொல்லும்போது, சரீரத்திலிருந்தேனோ சரீரத்துக்குப் புறம்பே இருந்தேனோ அறியேன், தேவன் அறிவார் என்று இரண்டு தரம் சொல்லுகிறார் (2 கொரி. 12:2,3). அப்போஸ்தலனே அறியேன் என்கிற இடத்தில் நாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு 'என் ஆத்துமா வெளியே போய் வந்தது' என்று அடித்துச் சொல்லலாமா?

நம்முடைய நாட்டில் சாது சுந்தர்சிங்கிடம் இதையே துருவிக் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் நம் தமிழர், பாளையங்கோட்டைக்காரரான ஏ. ஜே. அப்பாசாமி, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயர். அவரும் ஆக்ஸ்போர்டின் ஸ்ட்ரீட்டரும் சேர்ந்து 1921-ல் வெளியிட்ட புத்தகத்தில், சாது தம்முடைய பரவச நிலையையும் கனவையும் பிரித்துக் காட்டுகிறார். அந்த நிலையில் வெளியுலகம் தெரியாது, ஆனால் சிந்தனை சிதறாமல் ஒரே பொருளில் நிற்கும், ஆகையால் அது கனவல்ல, விழிப்பு என்பது அவர் சாட்சி. காட்சி எவ்வளவு அழகு என்பதை வைத்து அவர் பிரிக்கவில்லை, அறிவு எவ்வளவு தெளிவாய் இருந்தது என்பதை வைத்துப் பிரித்தார்.

அப்படியானால் கென்னாடியுஸின் சொப்பனம் ஆத்துமாவுக்கு நிரூபணமா? என் மனதில் பட்டதைச் சொல்லுகிறேன். வாலிபன் கேட்ட கேள்வி அருமையான கேள்வி. ஆனால் கண் மூடியிருந்தாலும் மூளை அந்த நேரம் சும்மா இருப்பதில்லை, விழிப்பில் இருப்பதுபோலவே மும்முரமாய் வேலை செய்கிறது. எனவே கண் இல்லாமல் பார்த்தார் என்று சொல்லலாம், சரீரமே இல்லாமல் பார்த்தார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அகஸ்டினும் இந்தக் கதையைச் சொன்னாரே தவிர, கனவு உருவங்கள் எப்படி உண்டாகின்றன என்று தமக்குத் தெரியும் என்று பெருமை பேசவில்லை. நம்முடைய உயிர்த்தெழுதலின் நம்பிக்கைக்கு அஸ்திபாரம் 1 கொரிந்தியர் 15-ல் இருக்கிறது. அதற்குச் சொப்பனத்தை முட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

அடுத்த கேள்வியைப் பெண்கள் கூட்டத்திலும் வாலிபர் கூட்டத்திலும் காதோடு காதாகக் கேட்கிறார்கள். கனவில் செய்தது பாவமா? தகாத கனவு கண்டு, மறுநாள் திருவிருந்தில் கை நீட்டப் பயந்தவர்கள் உண்டு. அகஸ்டின் பேராயரான பிறகும் இதே வேதனையைத் தம்முடைய அறிக்கை நூலின் பத்தாம் புத்தகத்தில் எழுதினார். விழிப்பில் மறுக்கிற காரியத்துக்குத் தூக்கத்தில் சம்மதித்துவிடுகிறேனே, அப்போது நான் நானில்லையா, அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று தேவனிடம் கேட்கிறார். விழித்தவுடன், இதை நான் செய்யவில்லை, ஆனாலும் எனக்குள் நடந்ததே என்று துக்கப்படுகிறார். நான் செய்தது வேறு, எனக்குள் நடந்தது வேறு. இந்த வித்தியாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியாத கனவுக்காக யாரும் தங்களை ஆக்கினைத்தீர்ப்புக்கு உட்படுத்த வேண்டாம்.

விளக்கு எரிகிற கனவு? சாலொமோன் கிபியோனில் தூங்கும்போதுதான் ஞானத்தைத் தெரிந்துகொண்டான், அது ஆண்டவருக்குப் பிரியமாயிருந்தது, விழித்தபோது அது சொப்பனம் (1 இரா. 3:5-15). அபிமெலேக்கு சொப்பனத்திலேயே தேவனோடு நியாயம் பேசினான் (ஆதி. 20). தூக்கத்தில் எடுத்த தெரிந்தெடுப்பையும் தேவன் கணக்கில் வைத்திருக்கிறார் என்றால், எவ்வளவு அறிவு விழித்திருந்ததோ அவ்வளவுக்குச் சம்மதமும் நம்முடையதுதான் என்று நினைக்கிறேன். அது பயமுறுத்துகிற காரியம் மட்டுமல்ல. அறிவு வந்தவுடன் 'வேண்டாம்' என்று திரும்பவும் முடியும் அல்லவா? பள்ளத்தின் ஓரத்தில் அந்தத் தங்கச்சி நின்றாரே, அதுபோல.

இன்னொன்று. "நெஞ்சு மேல ஏதோ உக்காந்து அமுக்குது, கத்த முடியல" என்று மலையில் பல பேர் சொல்லுகிறார்கள். அமுக்குவான் பேய் என்று பெயர். விளக்கு எரிந்தும் கட்டு அவிழாத நிலை அது. அறிவு விழித்துவிட்டது, கனவு நேரத்துத் தசைத் தளர்ச்சி இன்னும் விடவில்லை. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரனும் பலாண்ட் ஜலாலும் 2014-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அசையச் சொல்லி மூளை கட்டளை அனுப்புகிறது, கைகாலிலிருந்து பதில் இல்லை, அந்தக் குழப்பத்தில் தன் உடலின் சாயலையே வெளியே ஒரு ஆளாகக் காண்கிறது என்று. யூகம்தான், ஆனாலும் யோசிக்கத்தக்கது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் இது அதிகம். வந்தால் போராடாதீர்கள். இயேசுவின் நாமத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள், சீக்கிரம் விட்டுவிடும். அடிக்கடி வந்தால், பகலிலும் தன்னையறியாமல் தூக்கம் தள்ளினால், டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்தக் கனவுகளைப் பயிற்சி செய்து வரவழைக்கிறவர்களும் உண்டு. விடியுமுன் எழுந்து கொஞ்ச நேரம் விழித்திருந்து, 'கனவு வந்தால் கனவென்று அறிவேன்' என்று சொல்லிக்கொண்டு மறுபடி படுப்பது அதில் ஒரு முறை. கனவு மிகுந்த தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். இப்போது யோசியுங்கள்: நாலு மணிக்கு எழுந்து ஜெபித்துவிட்டு, ஏற்காட்டுக் குளிருக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி ஒரு மணி நேரம் படுக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாம் கேட்காமலேயே அந்த வாசலில் போய்ப் படுத்திருக்கிறோம். பகலெல்லாம் மேட்டிலும் பள்ளத்திலும் கூடை சுமக்கிறவர்கள் கனவுக்காகத் தூக்கத்தை வெட்டிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. தானாய் வந்தால் பயப்படவும் வேண்டாம்.

சாட்சி வேளையில் சொப்பனத்தைச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். சொப்பனம் கண்டவன் சொப்பனத்தைச் சொல்லட்டும் என்றுதான் எரேமியா 23:28-லும் இருக்கிறது. சொல்லும்போது, தூங்கிக்கொண்டிருந்தேனா, அரைத்தூக்கமா, விழித்திருந்தேனா, கனவென்று அப்போதே தெரிந்ததா, விழித்த பிறகு தெரிந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் பவுலைப்போல 'அறியேன்' என்று சொல்லுங்கள்.