உண்டியல் முதல் மின்னாவணம் வரை

முற்காலத்தில் கொழும்புச் செட்டியார் தெருவில் எழுதப்பட்ட உண்டியலுக்குக் கடல் கடந்த கடையிலும் பணம் கிடைத்தது. இரு கடைக்கும் வழக்கு ஒன்றாயிருந்தமையே காரணம். இன்று கணினிகள் கொள்வனவுக் கட்டளையும் விலைப்பட்டியலும் பரிமாறுதற்கும் அத்தகைய பொது வழக்கு வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சார்பில் உருவாகி 1987இல் சர்வதேச நியமமான எடிபாக்ட் சுருக்கமானது. குறியீடும் இருக்குமிடமுமே விவரத்தை உணர்த்தும். 2004இல் வெளிவந்த யூ. பி. எல். ஒவ்வொரு விவரத்திற்கும் பெயர் சூட்டும். ஆவணம் நீளும், படித்தறிதல் எளிது.

ஆயினும் வெள்ளவத்தை வணிகர் ஒருவர் 'பத்துப் பெட்டி' வேண்டுமென்றால், பெட்டிக்குப் போத்தல் 12ஆ, 24ஆ என்பதில் இருவரும் முன்னரே உடன்படாவிடின், எம்முறையும் பிழையையே விரைந்து சேர்ப்பிக்கும்.

நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னாவணத்துக்குச் சட்ட மதிப்பளித்தது. சொல்லுக்குப் பொருள் வரையறுத்தல் வணிகர் கடனே.